மண்டி முழுக்க ஒரே பாஸ்வேர்டு

இன்னிக்குக் காலையில எங்க மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, ரத்தம் பாத்துட்டேன்.

முதலாளியோட மெயில்ல இருந்து 'லோடை அனுப்பிடு'ன்னு எவனோ ஒரு திருடன் எழுதியிருக்கான். கிளார்க் செல்வம் அதை நம்பி லாரியை அனுப்பிட்டான். லாரி போன இடம் தெரியல. முதலாளி அவன் சட்டையைப் பிடிச்சு, தலையைச் சுவத்துல மோதினாரு. மூக்கு உடைஞ்சு ரத்தம் கொட்டுது.

மெயில் சர்வரைப் பாத்துக்கறது நான்தான். நடுவுல விழுந்து தடுத்தேன். "விடுங்க சார்! திருடன் உங்க பாஸ்வேர்டைப் போட்டு நேரா உள்ள வந்திருக்கான். என்ன வெச்சிருந்தீங்க?"

"அண்ணாமலை. எங்கப்பா காலத்துல இருந்து அதானே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

எண்பதுகள்ல அவங்கப்பா வெளியூர்ல இருந்து டிரங்க் கால் போட்டு இந்தப் பேரைச் சொன்னாத்தான் இங்க லாரி கிளம்பும். ஊரே மூச்சுக்கு மூச்சு சொல்ற சாமி பேரு. ஒருநாள் வேற எவனோ சொன்னான், லோடு போயிடுச்சு. போனை எடுத்த கணக்குப்பிள்ளையைப் பெரிய முதலாளி எடைக்கல்லால அடிச்சு வலது கையை ஒடிச்சாரு.

அந்தக் கணக்குப்பிள்ளை எங்கப்பா. கடைசி வரைக்கும் இடது கையாலதான் சாப்பிட்டாரு.

செல்வத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, முதலாளி எதிர்ல போய் உக்காந்தேன். "முதல்ல அதை மாத்துங்க."

ஒத்தை விரலால டைப் அடிச்சாரு. "மாத்திட்டேம்பா. இனிமே எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"என்கிட்டகூட சொல்லாதீங்க சார்."

"அருணாசலம்"னு சொன்னாரு.

நம்ம ஊர்க்காரங்களே, உங்க பாஸ்வேர்டை யாரும் கமெண்ட்ல போட வேணாம். எனக்கே தெரியும்.