ஃப்ரீசருக்குள் ஒரு சுவெற்றர்

என் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறாள். நான் வெள்ளவத்தையில், கடற்கரையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறேன். பதினான்கு வருடமாக நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளாமலே இருந்தோம். என்னை அங்கே வரச்சொல்லி அவள் கூப்பிடுவாள். எனக்கு விசா கிடைக்காது. அவளை இங்கே வரச்சொல்லி நான் கூப்பிடுவேன். இந்த வெக்கை தன்னால் தாங்க ஏலாது என்பாள். இதே ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வந்த வெக்கையைப் பாருங்கள்!

முதன்முறை நான் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, இங்கே வந்த ஒருவரின் கையில் அக்கா ஒரு சுவெற்றர் கொடுத்தனுப்பினாள். சாம்பல் நிறம். காஷ்மீர் ஆட்டின் உரோமத்தில் பின்னியதாம். கையில் எடுத்தால் பாரமே தெரியாது.

"பிளேனாலை இறங்கேக்க இதைப் போட்டுக்கொண்டு இறங்கு. அதுவரைக்கும் கவனமா வைச்சிரு," என்றாள் போனில்.

விசா மறுக்கப்பட்டது. சுவெற்றர் அலுமாரிக்குள் போனது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை விண்ணப்பித்தேன், இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அதை வெளியே எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த துவாயைக்கூட விருந்தாளிக்கென்று பூட்டி வைக்கிற வீடு எங்களுடையது.

போன வருடம் நாலாவது தடவை விண்ணப்பித்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். சுவெற்றரின் இடது கையில் பூச்சி அரித்த கடுகளவு ஓட்டை. இந்தச் சுவெற்றர் பழுதானால் அக்காவைப் பார்க்கக் கிடைக்காது என்று எப்போதோ நம்பத் தொடங்கியிருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பெருந்தெருவான காலி வீதியில் இருக்கிற லோண்ட்ரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் அதை விரித்துப் பார்த்தார். வியர்வையில் ஊறிப்போயிருந்த என்னையும் பார்த்தார்.

"மேக்க மொக்கடத நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார். இது எதற்கு என்கிறார். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் கோபம் வந்தது. பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரம் செலுத்த ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். இரண்டு நாள் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். பேபி ஷாம்பு வாங்கி வந்தார். பேசினுக்குள் பச்சைத் தண்ணீர் விட்டு, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அதைக் குளிப்பாட்டினார். எங்கள் பிள்ளைகள் இருவரையும் அவர் ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

நான் அதைப் பிழிந்து கொடியில் போடப் போனேன்.

"ஐயோ, தொங்கப் போடாதையும்! கை ரெண்டும் முழங்கால் மட்டும் நீளும்," என்று கத்தினார்.

துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்தோம். வீடியோவில் வந்த அம்மாவுக்கு ஒரே நாளில் காய்ந்ததாம். அந்த அம்மாவின் வீட்டு யன்னலுக்கு வெளியே எங்கள் கடல் இல்லை. இங்கே உப்பே போத்தலுக்குள் கரைந்து நிற்கும். நாலு நாள் ஃபேனைச் சுவெற்றருக்குத் திருப்பிவிட்டு, நாங்கள் வியர்த்து வழிய, பீங்கானை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கழுவும்போது திரண்ட சின்னச்சின்ன உருண்டைகளை அவர் பேன் சீப்பால் வாரி எடுத்தார்.

"இனித்தான் முக்கியமான வேலை. பூச்சிமுட்டை சாகோணும். ரெண்டு கிழமை ஃப்ரீசருக்குள்ள வைக்கச் சொல்லியிருக்கு," என்றார்.

"ஃப்ரீசருக்குள்ள மீன் இருக்கப்பா."

"பைக்குள்ள போட்டுத்தானே வைக்கிறன். மீன் ஒருபக்கம், இது ஒருபக்கம்."

வைத்தார். நானும் வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் வாங்கிய அறக்குளா மீனைத் துண்டு போட்டு அதே தட்டில் வைத்தேன். சமைக்கும்போது பனியில் மூடிய அந்தப் பையைத் தள்ளிவிட்டு மீனை எடுப்பேன். இடையில் ஒரு முழுப்பகல் கரண்ட் போனது. எல்லாம் உருகித் திரும்பவும் உறைந்தது.

இரண்டு கிழமை முடிந்து வெளியே எடுத்தபோதுதான் பார்த்தோம், பையின் வாய் சரியாக மூடியிருக்கவில்லை. ஓட்டை அதே கடுகளவுதான். ஆனால் சுவெற்றர் முழுக்க மீன் மணம். யார் மூடியது, யார் தள்ளியது என்று நாங்கள் சண்டைபிடித்துக்கொண்டிருக்கையில் போனில் விசா அலுவலகத்தின் மின்னஞ்சல் வந்தது, இந்த முறையும் இல்லை. நான் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கையில்லையாம். அறக்குளாவை ஃப்ரீசரில் வைத்துவிட்டு நான் எங்கே போய் இருந்துவிடப் போகிறேன்?

அன்று நான் அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. கீழ்வீட்டுப் பிள்ளை அடுத்த கிழமை ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறாள் என்று தெரியும். கழுவாமல், மணத்தோடேயே, சுவெற்றரைச் சுற்றி அவளிடம் கொடுத்தேன். "அக்காட்டைக் குடுத்து, இனி எனக்கு இது தேவையில்லையெண்டு சொல்லும் பிள்ளை."

பத்து நாளில் அக்கா வீடியோவில் வந்தாள். சுவெற்றர் அவள் கையில் இருந்தது.

"எடி, இதை எங்கயடி வைச்சிருந்தனி?"

"ஃப்ரீசருக்குள்ள. அறக்குளாவுக்குப் பக்கத்தில," என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் அதை முகத்தில் அப்பிக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"மழை பெய்து விட்டாப் பிறகு எங்கட மார்க்கெட் வாசல் இப்பிடித்தானேடி மணக்கும்," என்றாள்.

அடுத்த நாளே இங்கே வர ரிக்கெற் போட்டுவிட்டாள்.

சித்திரை வெயிலில், கட்டுநாயக்கா விமான நிலையத்தில், வருகிறவர்கள் வெளியேறும் வாசலில் நின்றேன். அக்கா தள்ளுவண்டியோடு வந்தாள். தலைமயிர் பாதிக்கு மேல் வெள்ளை. கழுத்தால் வியர்வை ஓட, அந்தச் சுவெற்றரைப் போட்டிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

"கழட்டுங்கோ அக்கா, அவிஞ்சு போகப் போறீங்கள்."

அவள் கழற்றி, கவனமாக மடித்து, என் கையில் தந்தாள்.

"மணம் குறைஞ்சு போச்சடி. நான் போகுமட்டும் திரும்ப ஃப்ரீசருக்குள்ள வை," என்றாள்.

வைத்தேன். இந்த முறை பையின் வாயை நான் மூடவில்லை.