பாக்கெட்டின் மேல் கலாவதி அம்மாவின் கையெழுத்து

கலாவதி அம்மா இறந்துபோன செய்தியை நானே படித்தேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

என் எழுபது வயதுக்குள் எத்தனையோ சாவுச் செய்திகள் வந்திருக்கின்றன. எல்லாம் யாராவது ஒருவர் வாயால் வந்தவை. சொல்ல வருகிறவர் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார், தண்ணீர் கேட்பார். முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். அன்று காலை உப்புத்தாள் வாங்கக் கலாவதி அம்மா வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. அதன்மேல் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் நான் விடுவதில்லை. பஸ் பெயர், பால் பாக்கெட், சுவர் விளம்பரம் எல்லாவற்றையும் நின்று படித்துவிட்டுத்தான் போவேன். ஆசையாகக் கிட்டே போய் எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். க. லா. வ. 'தி' வரும்வரை சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் வரை கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். வீட்டுக்குப் போய், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு. அதையும் போஸ்டரில்தான் படித்தேன்.

பதினாறாம் நாள் எல்லோர் முன்னாலும் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி கடை முதலாளி என்னைக் கேட்டார். படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கடைக்கு வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மெதுவாக எழுதுகிறவன். இந்த இடத்துக்கு வரவே எனக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு கைக்கருவிக் கடை இருக்கிறது. சுத்தியல், ஸ்பேனர், டிரில்லிங் மிஷின், போல்ட்டு, நட்டு எல்லாம் கிடைக்கும். அங்கே கவுண்டரில் பதினெட்டு வருஷம் நின்றவர் கலாவதி அம்மா. ஆந்திர எல்லையோரம், ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். அதனால் என்னைப்போன்ற பெரியவர்களை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். மோவாயில் ஒரு நீளமான தழும்பு இருக்கும். கடைக்கு வருகிற பாக்கெட்டுகளில் எல்லாம் இங்கிலீஷில்தான் அச்சடித்திருக்கும். கலாவதி அம்மா ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவார். அதில் தமிழில், குண்டு குண்டான எழுத்தில், இரண்டு வரி எழுதியிருப்பார். இது எதற்கு ஆகும் என்று ஒரு வரி. எதற்கு ஆகாது என்று ஒரு வரி. கடை முழுக்க ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள். அத்தனையிலும் அவர் கையெழுத்து. இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் முப்பது வருஷம் லோடுமேனாக இருந்தவன். கம்பிக் கட்டுகளைத் தூக்கி லாரியில் ஏற்றுவேன். அந்த இரும்பை வெட்டவோ, துளைக்கவோ, ஒரு சாமான் செய்யவோ என்னை யாரும் விட்டதில்லை. அதற்கு ஃபிட்டர்கள் இருந்தார்கள். அவர்கள் பெட்டியைத் திறக்கும்போது தூர நின்று பார்ப்பேன். வேலையை விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஒரு மேஜையும் போட்டுவிட்டேன். மேஜை மேல் வைக்க ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி தனம் பின்வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று. தனியாக நடப்பதற்கு மூன்று மாதம் ஆகும், அதற்குள் சுவரோரமாகப் பிடித்து நடக்க ஒரு கம்பி போட்டு வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதுவரை படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிப்போக வேண்டும். தனத்துக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"மூட்டைய தூக்கற மாதிரி தூக்காத. நான் இன்னா இரும்பா?" என்று தினமும் ஒரு தடவையாவது கத்துவாள்.

ஆக, நான் செய்யப்போகிற முதல் வேலை எதுவென்று முடிவாகிவிட்டது. சாமான் வாங்கப் போனேன்.

"நல்ல சுத்தியலா குடும்மா" என்றேன். கலாவதி அம்மா நாலு சுத்தியலை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் இரும்பு தூக்கியவனுக்கு வேறு கணக்குத் தெரியாது. கனமாக இருந்தால் நல்ல சாமான்.

"நைனா, எங்க வேலை பாத்த?"

"கும்மிடிப்பூண்டில. லோடுமேன்."

"அதான் பாத்தேன். எல்லாரும் கைப்பிடிய பாப்பாங்க. நீ எடை போடற. இத்த லாரில ஏத்தப் போறியா, ஆணி அடிக்கப் போறியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"ஆணிதாம்மா."

"அப்போ இது வேணாம். பத்தாவது ஆணிக்கு கை ஓஞ்சு போய், உன் கட்ட வெரல அடிச்சுக்கினு என்னத் திட்டுவ."

அளவான ஒன்றை என் கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வீசச் சொன்னார். கை நீண்டுவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிறகு ரசமட்டம் கேட்டேன். கண்ணாடிக் குழலுக்குள் குமிழ் ஓடுமே, அந்த மட்டம் பார்க்கிற கட்டை. கவுண்டர் மேல் ஒன்றை வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அதையே முன்பின்னாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். எடுத்து ஓரமாகப் போட்டார். இரண்டாவதையும் அப்படியே போட்டார்.

"எம்மா, எல்லாத்தையும் கழிச்சுப் போட்டா நான் இன்னாத்த விக்கறது?" என்று முதலாளி உள்ளே இருந்து குரல் கொடுத்தார்.

"ஒரு பக்கம் வெச்சா நடுவுல நிக்கறேன்னுது. திருப்பி வெச்சா ஓடிப் போவுது. இத்தப் போயி எப்படி சார் குடுக்கறது?"

மூன்றாவது மட்டம், எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே இடத்தில் குமிழைக் காட்டியது. "திருப்பி வெச்சாலும் அதையே சொல்லணும் நைனா. அதான் நம்பலாம்" என்று என் கையில் கொடுத்தார். கடையில் விற்கிற ஒருவர், தன் கடைச் சாமானையே நம்பாமல் சோதித்துக் கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் டிரில்லிங் மிஷினும் சுவரில் போடுகிற போல்ட்டும் வாங்கப் போனேன். வழக்கம்போல இருப்பதிலேயே கனமான போல்ட்டுப் பாக்கெட்டை எடுத்துவிட்டேன். பெரிய இரும்பு போல்ட்டுகள். தனம் என்ன, யானையே பிடித்து நடக்கலாம்.

"உன் ஊட்டு செவுரு இன்னா செவுரு?" என்று கேட்டார்.

"ஹாலோ பிளாக் கல்லு."

"அப்போ இதுல ஒட்டியிருக்கிற சீட்டப் படி."

இதற்கு என்னிடம் அறுபது வருஷப் பழைய பதில் ஒன்று இருந்தது. "கண்ணாடி ஊட்ல வெச்சுட்டேன்மா. நீயே படிச்சு சொல்லு."

கலாவதி அம்மா கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அது நிறைய மூக்குக் கண்ணாடிகள். "எல்லாம் இங்க வந்து மறந்து வெச்சுட்டுப் போனவங்களோடது. எது சரியா கீதோ போட்டுக்கோ."

ஒன்றைப் போட்டு மங்கலாக இருக்கிறது என்றேன். இன்னொன்றைப் போட்டுத் தலை சுற்றுகிறது என்றேன். மூன்றாவது கண்ணாடியில் ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. அதையும் கழற்றி, "இதுவும் சரியில்லம்மா" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நைனா, கண்ணு நல்லாத்தான் கீது, இல்ல?"

நான் கண்ணாடியை மறுபடி டப்பாவில் போட்டேன்.

"இந்த போல்ட்ட நான் குடுக்க மாட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, எது சரியோ அத்த நீயே எடுத்துக் குடு. அதோட முடிஞ்சுது."

"இன்னிக்கு குடுப்பேன். நாளைக்கு ஒண்ணு லூசாவும். நீயா வந்து வேற பாக்கெட்டு எடுத்துக்கினு போயி மாட்டுவ. அன்னிக்கு நான் பக்கத்துல இருப்பேனா? அந்தக் கம்பிய நம்பி நடக்கப் போறது நீ இல்ல. உங்க ஊட்டம்மா." பிறகு மோவாய்த் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "எங்க சமையக்கட்டுல நானே பலகை மாட்டினேன். இதே போல்ட்டு, இதே ஹாலோ பிளாக் செவுரு. உள்ள பொந்து, போல்ட்டுக்குப் புடிமானம் இல்ல. பாத்திரத்தோட சாஞ்சு எம்மேலயே வுழுந்துச்சு. பாக்கெட்ல எழுதித்தான் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியும் நைனா. படிக்கல. உனக்குத் தெரியாது. வுழும்போது ரெண்டும் ஒண்ணுதான்."

அதற்குப் பிறகுதான் அவர் சீட்டு ஒட்ட ஆரம்பித்தாராம்.

நான் விறுவிறுவென்று வெளியே வந்து, கொஞ்ச தூரத்தில் இருந்த இன்னொரு கடைக்குப் போனேன். அதே போல்ட்டை உடனே எடுத்து வைத்தார்கள். "இதுல இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "அத்தெல்லாம் யாரு படிக்கறா பெரியவரே, எடுத்துக்கினு போ" என்றார் கடைக்காரர். பாக்கெட் கையில் நல்ல கனமாக இருந்தது. கம்பி பிடுங்கிக்கொண்டு தனம் மறுபடி விழுகிற மாதிரி ஒரு காட்சி கண்ணுக்குள் வந்தது. வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

என்னைப் பார்த்ததும் கலாவதி அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஸ்கூல்ல சாயங்காலம் பெரியவங்களுக்குக் கிளாஸ் நடக்குது. ஊட்டம்மா நடக்க இன்னும் எவ்ளோ நாள் கீது?" என்றார்.

"ரெண்டரை மாசம்."

"போதும்."

அப்படிச் சாதாரணமாகச் சொன்னார். அறுபது வருஷமாக முடியாததை, ரெண்டரை மாசம் போதும் என்று சொல்ல அவருக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ!

நான் வகுப்புக்குப் போனேன். வகுப்பில் படித்ததை வாரம் ஒரு நாள் கடைக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்பேன். அவர் ஒரு பாக்கெட்டைத் தள்ளுவார். நான் கூட்டிப் படிப்பேன். வாடிக்கையாளர் எவ்வளவு பேர் நின்றாலும், நான் முடிக்கிற வரைக்கும் நடுவில் எழுத்தைச் சொல்லிக் கொடுக்க மாட்டார், மற்றவர்களையும் சொல்ல விடமாட்டார். ஒரு நாள் ஒரு மேஸ்திரி பொறுமை இழந்து, "இன்னாம்மா பேஜாரா கீது, இது கடையா ஸ்கூலா?" என்றார்.

"நீ போன வாரம் மரத்துக்குப் போடற டிரில்லிங் பிட்டு வாங்கினு போயி காங்கிரீட்ல ஒடச்சுட்டு வந்தியே, நீயும் பக்கத்துல ஒக்காரு" என்றார் கலாவதி அம்மா. 'மரத்துக்கு மட்டும்' என்று நான் படித்து முடித்ததும் அந்த மேஸ்திரியே கை தட்டினார்.

தனம் நடக்கப் பத்து நாள் இருக்கும்போது, நானாக அந்த அலமாரிக்குப் போனேன். பழைய கனமான பாக்கெட்டை எடுத்தேன். படித்தேன். "செங்கல், காங்கிரீட் சுவருக்கு. ஹாலோ பிளாக் சுவருக்கு ஆகாது." அதை வைத்துவிட்டேன். பக்கத்தில் இன்னொரு பாக்கெட் இருந்தது. நீளமான நைலான் குழாயும் திருகாணியும். வேர்க்கடலைப் பொட்டலம் அளவுகூடக் கனமில்லை. "ஹாலோ பிளாக் சுவருக்கு இது. கல்லுக்குள் போய் விரிந்து பிடிக்கும்." முப்பது வருஷம் கனத்தை நம்பியவன், அந்த லேசான பாக்கெட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தேன்.

கலாவதி அம்மா பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பி, மேல் தட்டிலிருந்து டிரில்லிங் மிஷினை இறக்கினார். என் பெயரை நானே எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டச் சொன்னார். அந்த மிஷின் இரண்டு மாதமாக எனக்காகத் தனியாக எடுத்து வைத்தது என்று முதலாளி சொல்லித்தான் தெரிந்தது.

கம்பியை நானே போட்டேன். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும். போட்டதும், "மொதல்ல நீ தொங்கிப் பாரு" என்று அவர் சொன்னபடி முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினேன். அசையவில்லை. தனம் எழுந்தாள். கம்பியைப் பிடித்தாள். நான் கையை நீட்டியதும், "தொடாத" என்றாள். பாத்ரூம் வரை போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்று அழுதேன்.

அதைச் சொல்லப் போனபோது கலாவதி அம்மா கேட்ட முதல் கேள்வி, "குமிழு எங்க நிக்குது நைனா?" என்பதுதான். ரசமட்டத்தைக் கம்பி மேல் வைத்துப் பார்க்க மறந்துவிட்டேன் என்றேன். "வந்து நானே பாக்கறேன், ஞாயித்துக்கெழம" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அதற்கப்புறம் எப்போது போனாலும் அதே கேள்வி. பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னால், "நீ சொல்லாத, நான் வந்து பாக்கறேன்" என்பார். வரவே முடியவில்லை.

போஸ்டரைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். இடுப்பு உடைந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் எங்கும் போனதில்லை. "நானும் வரேன்" என்றாள். வாசலில் ஆட்டோ நின்றது. தூக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கம்பியைப் பிடித்தும், கம்பி முடிந்த இடத்தில் என் தோளைப் பிடித்தும், அவளே நடந்து ஏறினாள்.

கலாவதி அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தனம் அவர் முகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். "இந்த அம்மாதானா உனக்கு விக்க மாட்டேன்னு சொன்னது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். குனிந்து, அந்த மோவாய்த் தழும்பை ஒரு விரலால் தொட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எதையும் பிடிக்காமல்தான் நின்றாள்.

கடையை இப்போது மறுபடி திறந்துவிட்டார்கள். பாக்கெட்டுகளில் சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. சரக்கு விற்க விற்க அவர் கையெழுத்தும் குறைந்துகொண்டு வரும். புதிதாக வருகிற பாக்கெட்டுகளுக்கு யார் எழுதுவது என்று முதலாளி கேட்டார். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் என்றேன். நாளொன்றுக்கு ஏழெட்டுத்தான் முடிகிறது.

அம்மா, இன்று காலை இதை எழுதி முடிப்பதற்கு முன்னால் ரசமட்டத்தைக் கம்பி மேல் வைத்தேன். குமிழ் நடுவில் நிற்கிறது. திருப்பியும் வைத்துப் பார்த்துவிட்டேன். நடுவில்தான் நிற்கிறது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.