ஆயுத பூஜைக்குக் குளித்த தராசு

என் வீட்டுக்காரர் ஜீவனஹள்ளியில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். அவருடைய தராசின் லட்சணம் தெருவுக்கே தெரியும். படிக்கல் வைக்கும் தட்டின் அடியில் ஒரு காந்தக் கட்டி ஒட்டியிருக்கும். அதனால் எவ்வளவு பேப்பர் கொண்டுவந்தாலும் எடை குறைவாகவே காட்டும். கேட்டால், "பேப்பர் காஞ்சா எடை கொறையும்மா" என்பார். மழையில் நனைந்த பேப்பருக்கும் அதே பதில்தான்.

இந்தத் தராசுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் தனி மரியாதை. பள்ளிக்கூட முனையில் சுருமுரி என்கிற மசாலாப் பொரி வண்டி போட்டிருந்தவன் பொரியோடு கஞ்சாவும் விற்றான். அவனுக்குச் சரக்கு அனுப்பிய பெரிய கை, இன்ஸ்பெக்டருக்கு மாதாமாதம் படியளந்தது. ஊர் வாயை மூட அவ்வப்போது அவனைப் பிடிப்பார்கள். பிடித்த இடத்திலேயே, சாட்சிகள் முன்னால் எடை போட வேண்டும். உடனே எங்கள் தராசுக்கு ஆள் வரும். எந்தப் பையும் அதில் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு கிலோவுக்குள் என்றால் சின்ன கேஸ். சாயங்காலமே ஜாமீனில் வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான்.

எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது, என் தம்பியின் சட்டைப் பையில் அவன் விற்ற கஞ்சாப் பொட்டலத்தைப் பார்க்கும்வரை. டிப்ளமா படிக்கக் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். பொட்டலம் கட்டிய காகிதம்கூட எங்கள் கடையில் வாங்கியது. அறைந்தேன், அழுதான், மறுநாள் மறுபடியும் போனான். காந்தத்தை எடுத்துவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் மன்றாடினேன்.

"போலீஸ்காரன பகைச்சிக்கினு இங்க கடை நடத்த முடியுமா?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. தராசைக் கழுவிப் பொட்டு வைப்பது என் வேலை. வழக்கமாக மேலாகத் துடைப்பேன். அந்த வருடம் பக்தி பெருக்கெடுத்துவிட்டது. புளி போட்டுத் தட்டின் அடி வரை தேய்த்தேன். காந்தத்தைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இடத்தில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன்.

பூஜை முடிந்த வாரமே சுருமுரிக்காரனைப் பிடித்தார்கள். இந்த முறை, புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெரிய அதிகாரியும் நேரில் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் பதறவில்லை. எங்கள் தராசைத்தான் வரவழைத்தார். ஒரு கிலோ கல்லை வைத்ததும் கஞ்சாத் தட்டு தொப்பென்று கீழே போனது. இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரை முறைத்தார். வீட்டுக்காரர் படிக்கல் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். குங்குமம்தான் இருந்தது.

"இந்தத் தராசு சரியில்ல சார், வேற கொண்டாரச் சொல்றேன்" என்று இன்ஸ்பெக்டர் குழைந்தார்.

"போன தடவையெல்லாம் இது சரியான தராசுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் பெரிய அதிகாரி.

சுருமுரிக்காரன் ஜெயிலுக்குப் போனான். இன்ஸ்பெக்டரை எல்லைப் பக்கம், சரக்கு வந்து இறங்குகிற இடத்துக்கே மாற்றினார்கள். அதைத் தண்டனை என்றார்கள்! போவதற்கு முன் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து, "இத்தனை வருஷம் இல்லாத நேர்மை இப்ப எங்கேர்ந்துய்யா வந்துச்சு?" என்று கேட்டாராம். "சாமி குத்தம் சார்" என்றாராம் இவர்.

தம்பி சில சாயங்காலம் முனைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். ஒரு நாள் போகவில்லை. பசிக்குதுக்கா என்று தட்டோடு உட்கார்ந்தான். அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அப்போதுதான் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கடை முழுக்கத் தேடிய காந்தம், பீரோ கதவில் தம்பியின் டைம்டேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தது. எடுக்கக் கையை நீட்டியவர், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை ஒரு பார்வை பார்த்தார். கை தானாக இறங்கியது.

"வேணாம், டைம்டேபிள் விழுந்துடும்" என்றார்.