ஒரு பலகையில் இரண்டு வீடு

காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு வானொலி நின்றது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். மகள் சோதனைக்கு ஆயத்தமாகப் பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்ததும் அறைக்குள்ளிருந்து, "பத்து இருபது அம்மா, வெளிச்சம் வந்த பிறகு மிச்சத்தை எழுதுறன்" என்று சொன்னாள். வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. மூதூரில் காலமான ஒருவருடைய பிள்ளைகள், மருமக்கள் பெயர்களை வாசித்துக்கொண்டு போன குரல் ஒரு மருமகனின் பெயருக்கு நடுவில் அறுந்தது.

மார்கழி மழை. விடியாத நாட்களாகவே வந்துகொண்டிருந்தன. பகலிலும் விளக்கில்லாமல் எழுத ஏலாத இருட்டு.

நாங்கள் இருந்தது துறைமுகத்துக்குப் போகும் வீதியில். வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அதன் உத்தியோகத்தர் ஒருவருக்காகக் கட்டிய வீடு. பின்னர் அதை வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரர், நடுவில் பலகை அடித்து மறித்து, இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு பாதியில் நாங்கள் மூன்று பேர்: துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த என் கணவர், நான், எங்கள் ஒரே மகள். மறு பாதியில் சந்தைப் பக்கம் புடைவைக்கடை வைத்திருந்த கிண்ணியா முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை, அவர்கள் அக்காவை அழைக்கும் முறையில், நான் ராத்தா என்பேன். அவருடைய கணவர் எங்கள் வீதிக்கே நானா, அதாவது அண்ணன். கலியாணத்துக்கு முன் சில காலம் படிப்பித்தவள் என்பதால் நான் அவர்களுக்கு டீச்சர்.

வீட்டை இரண்டாக்கியவர் மின்சாரத்தை இரண்டாக்கவில்லை. இரண்டு பாதிக்கும் ஒரே பலகைதான். அது எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கறுத்துப்போன தேக்குப் பலகை, ஒரு இரும்புப் பெட்டி, அதன் கீழே இரண்டு வரிசையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள். துணி சுற்றிய வயர்கள் எலி மென்றதுபோல் நார்நாராகத் தொங்கும். உப்புக்காற்று பட்ட பித்தளையில் பச்சை பூத்திருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பலகைக்கு வியர்க்கும். சில மாலைகளில் ரப்பர் காய்வதுபோல் ஒரு மணம் வரும். நான் அடுப்பை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் மோந்து பார்ப்பேன்.

"உமக்குப் பயப்பிடுறதுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாமான் வேணும்" என்பார் என் கணவர். "மழை பெய்தா கூரை, வெயில் எறிச்சா கிணறு. ரெண்டும் இல்லாத நாளுக்கு இந்தப் பலகை."

நானாவுக்கு அது எப்போதும் சிரிப்பு. "டீச்சர், வெள்ளைக்காரன் போகக்குள்ள கப்பலைக் கொண்டு போயிட்டான், பீரங்கியைக் கொண்டு போயிட்டான். இந்தப் பெட்டியை மட்டும் விட்டுட்டுப் போனான். ஏன் தெரியுமா? தொடப் பயம்!"

வீட்டுக்காரர் ஆண்டுக்கொருமுறை கோயிலுக்கு வரும்போது எட்டிப் பார்ப்பார். வயர்களை மாற்றித் தரச் சொல்லி நான் கேட்டால், விரல் மொளியால் பலகையைத் தட்டிக் காட்டுவார். "தேக்கு, தங்கச்சி. இப்ப காசு குடுத்தாலும் இப்பிடி ஒரு பலகை கிடையாது." நான் கேட்டது பலகையைப் பற்றியல்ல என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

அந்த நாட்களில் கரண்ட் அடிக்கடி போகும். ஊர் முழுக்கப் போயிற்றா, நம் வீட்டில் மட்டும் போயிற்றா என்று அறிய எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம். பக்கத்து வீட்டைக் கேட்போம். அவர்களுக்கும் இல்லையென்றால் மின்சாரக் கந்தோர்க்காரர் நிறுத்திவிட்டார்கள், பயமில்லை. எங்கள் வீதிப் பெண்கள் அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பல்பு துடைப்பது, விசிறியில் ஒட்டடை தட்டுவது, ஆடுகிற ஹோல்டரை இறுக்குவது எல்லாம் கரண்ட் இல்லாத நேரத்து வேலைகள். உயரமானவள் என்பதால் எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுடையது.

அன்றும் மறிப்புப் பலகைக்கு அப்பாலிருந்து ராத்தா கூப்பிட்டார்.

"டீச்சர், உங்கட பக்கம் இருக்கா?"

"இல்லை ராத்தா. உங்களுக்கு?"

"இங்கயும் இல்லை. ரேடியோவில சொன்ன அந்த மையத்து யாரெண்டு கேட்க விடாமப் போயிட்டு, பாருங்க!"

இரண்டு பக்கமும் இல்லை. ஆகவே ஊரில் இல்லை. எல்லோரும் அப்படித்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் இரண்டு பக்கமும் ஒரே பலகையில் தொங்குகிற பக்கங்கள். நான் ராத்தாவைக் கேட்டது என்னையே கேட்டதுபோல். அந்தக் காலையில் ஊர் முழுக்கக் கரண்ட் இருந்தது.

பிறகுதான் அறிந்தேன். இப்போதைய வீடுகளில் கரண்ட் வருகிற வயருக்கு மட்டும்தான் பியூஸ். அந்தக் காலத்துப் பலகைகளில் வருகிற வயருக்கு ஒன்று, திரும்பிப் போகிற வயருக்கு ஒன்று. வருகிற பக்கத்துப் பியூஸில் எங்களுக்கு முன்பிருந்த யாரோ தடித்த செப்புக் கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். கடைகளில் பியூஸ் கம்பி கிடைக்காத காலம். எல்லோரும் செய்கிற வேலைதான். அது எரியவே எரியாது. ஈரத்தில் எரிந்து போனது திரும்பிப் போகிற பக்கம். விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் வந்த கரண்ட் போக வழியில்லாமல் ஒவ்வொரு பல்பின் தலையிலும் நின்றுகொண்டிருந்தது.

இன்றைக்கு நாங்கள் இருப்பது புது வீடு. கரண்ட் போனால் பக்கத்து வீட்டைக் கேட்பதோடு நிற்க என்னால் முடிவதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு சந்திக் கடைவரை நடந்து போய்ப் பார்க்கிறேன். திரும்பி வந்த பிறகும் ஒருவரையும் கதிரையில் ஏற விடுவதில்லை.

அன்று மகள் கதிரையைப் போட்டு ஏறியதை நான் பார்க்கவில்லை. அவளுடைய மேசைக்கு மேல் தொங்கிய பித்தளை ஹோல்டர் பல நாட்களாக ஆடிக்கொண்டிருந்தது. குசினியில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் ஏதோ ஒரு சூத்திரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. கத்தவில்லை. எதுவும் விழவில்லை. நின்றது, அவ்வளவுதான்.

"என்ன பிள்ளை?" என்றேன். அரிசிச் சட்டியை வைத்துவிட்டு எழுந்தேன்.

போய்ப் பார்த்தபோது அவள் கதிரையின் மேல் நிமிர்ந்து நின்றாள். வலது கை ஹோல்டரில். இடது கை சரிந்துவிடாமலிருக்கப் பிடித்த யன்னல் கம்பியில். மழை அடித்து அந்தச் சுவரெல்லாம் நனைந்திருந்தது. அவளுடைய வாய் திறந்திருந்தது. கண்கள் என்னைப் பார்த்தன. உடம்பு முழுவதும் மெல்லிய ஒரு நடுக்கம். அவள் விளையாடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு மணம் வந்தது.

நான் அவளைப் பிடிக்கப் பாய்ந்தேன்.

"தொடாதீங்க டீச்சர்!"

ராத்தா. நெருப்புப்பெட்டி கேட்டுப் பின்கதவால் வந்தவர். என் சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, குசினியில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து வந்து கதிரைக் காலில் ஓங்கிக் குத்தினார். கதிரை சரிந்தது. மகள் விழுந்தாள். அவள் பாரத்துக்கு வயர் அறுந்து, சுவரில் ஒரு நீலப்பொறி ஓடியது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அவர் அவளுடைய கையிலிருந்த பித்தளையை உலக்கை நுனியால் தள்ளிவிட்டார். அது உடனே விலகவில்லை.

மழை என்பதால் நானா அன்று கடை திறக்கவில்லை. வாடகைக்கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடற்கரைப் பக்கத்தில் வீதி எது, வெள்ளம் எது என்று தெரியவில்லை. பின் ஆசனத்தில் அவள் தலை என் மடியில் இருந்தது. மூச்சு இருந்தது. வலது கையை ராத்தா தன் முந்தானையில் ஏந்தி வைத்திருந்தார். என்னைப் பார்க்க விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு ஒழுங்கில்லை என்றார். கையைப் பற்றிக் கேட்டேன். "அதைப் பெரிய டொக்டர்தான் சொல்ல வேணும். அவர் காலையில கிண்ணியாவுக்குப் போனவர். காத்துக்குப் பாதை ஓடயில்லையாம்." கிண்ணியாவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே வாகனங்களை ஏற்றி ஓடும் தட்டைப் படகைத்தான் பாதை என்போம். அது நின்றால் அக்கரைக்குப் போனவர் அக்கரையில்தான்.

"நான் துறையில போய் நிக்கிறன்" என்றார் நானா. "பாதை ஓடாட்டி என்ன, தோணிக்காரன் எவனாவது எனக்குச் சொந்தக்காரனாத்தான் இருப்பான்." அன்று அவர் சொன்ன பகிடி அது ஒன்றுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

என் கணவர் கந்தோரிலிருந்து நனைந்து வந்தார். கட்டிலருகே நின்று நெடுநேரம் பார்த்தார்.

"ஹோல்டரைப் பிடிச்சது எந்தக் கை?"

"எழுதுற கை."

அவர் வெளியே போய் விறாந்தைத் தூணோடு நின்றார். கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. தொழுகைக்கு மட்டும் ஒரு மூலைக்குப் போய் வந்தார். மத்தியானம் தாண்டி மகள் கண் திறந்தாள். "சோதனைக்குப் பேனை வாங்க வேணும்" என்றாள். பிறகு தன் கை எங்கே என்று கேட்டாள், சுற்றியிருந்த துணியைக் காணாதவள்போல். "இருக்கு பிள்ளை, இருக்கு" என்றேன். நர்ஸ் மிஸி ஊசி போட்டு அவளைத் தூங்க வைத்தார். எனக்கு வேண்டியதெல்லாம் அவள் இருதயம் நிற்காமலிருப்பது மட்டுமே என்று காலையில் நேர்ந்துகொண்டிருந்தேன். பிற்பகலுக்குள் கையையும் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

பொழுதுபட முன் பெரிய டொக்டர் வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி. அவருக்குப் பின்னால், இடுப்புவரை நனைந்த நானா. தோணியில்தான் வந்திருக்கிறார்கள். டொக்டர் யாரோடும் கதைக்காமல் உள்ளே போனார். துணியைப் பிரித்துப் பார்த்தார். நெஞ்சில் நீண்ட நேரம் குழாயை வைத்திருந்தார். பிறகு வெளியே வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, என்னிடம் சொன்னார்:

"இருதயம் சரியா வந்திட்டுது. உயிருக்கு இனிப் பயமில்லை. ஆனா ரெண்டு விரல் செத்துப்போச்சு, அம்மா. சுட்டுவிரலும் நடுவிரலும். விட்டுவைச்சா கை முழுக்கப் போகும், இண்டைக்கே எடுக்க வேணும். பிள்ளைக்கு நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?"