துடைத்த வானம்

பண்டத்தரிப்பில் எங்கள் அடுத்த வளவுக்காரி உதயகலா. ஊர் ஸ்டூடியோவில் கல்யாண வீட்டுப் படங்களை ஆல்பமாக அடுக்குவது அவளுக்கு வேலை. சித்திரையில் கண் டாக்டர் சொல்லிவிட்டார்: விழித்திரை தேய்கிறது, மருந்து இல்லை. முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை, பிறகு மிச்சமும்.

இரவுப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. முற்றத்தில் நின்று அண்ணாந்தால் ஒரு வெள்ளிகூடத் தெரியாது. கண் நன்றாக இருந்த காலத்தில் யார் வானத்தைப் பார்த்தார்கள்? அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது.

கமெராவின் கண்ணைச் சில விநாடி மூடாமல் விட்டால் மனிதக் கண்ணுக்கு எட்டாத வெளிச்சமும் அதில் விழும் என்று யூடியூப்பில் அறிந்தாள். பால்வீதியை ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டி, பகல் வெளிச்சத்தில், பார்வை உள்ளவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதற்கு நிலவில்லாத இருட்டு வேண்டும். அமாவாசைப் பொழுதில் வயல் வெட்டைக்குப் போகிற பெண்ணைப் பற்றி ஊர் கதைத்ததை நான் எழுதப்போவதில்லை, கதைத்தவர்களுக்கே வெட்கம். ஸ்டூடியோ கமெராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, புருஷன் கேதீஸ்வரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போவாள். நட்சத்திரம் தெரியாத கண்ணால் எப்படிக் குவியம் பிடிப்பது? தூரத்து டவரின் சிவப்பு விளக்கில் குவியத்தைப் பிடித்து, லென்ஸ் அசையாமல் டேப் ஒட்டி, பிறகு வானத்துக்குத் திருப்புவாள்.

ஆடி அமாவாசையில் மேகம். ஆவணியில் சோளகக் காற்று கமெரா முக்காலியை உலுப்பிவிட்டது, படத்தில் வெள்ளிகளெல்லாம் புழுப் போல இழுபட்டிருந்தன. குசினியில் இருந்து அவள் அழுதது எங்கள் வளவுக்குக் கேட்டது.

புரட்டாதி வந்தது. இனி மழைதான். அடுத்த கோடைக்குள் கண் இருக்குமோ தெரியாது. இந்த முறை பனையோலை உமலில் தேங்காய்களைப் போட்டு முக்காலியில் பாரமாகத் தொங்கவிட்டாள். புருஷனை வெட்டை நடுவில் நிறுத்தினாள்.

"ஆடாமல் நில்லுங்கோ. மூச்சும் விடாதேங்கோ."

கமெராவின் சின்னத் திரையில், அவர் தலைக்கு மேலே பால்வீதி விழுந்திருந்தது.

"வந்திட்டுதப்பா! எனக்குத் தெரியுது!" என்று அவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம்.

மறுநாள் காலை படத்தை ஸ்டூடியோ கணினியில் ஏற்றினாள். அன்றைக்கு அளவெட்டியில் ஒரு பிறந்தநாள் விழா, அதனால் கமெராவின் கார்டை அழித்துக் கொடுத்தாள். முதலாளி முத்துக்குமாருவிடம், "பெரிசா அடிச்சு வையுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுக் கண் கிளினிக்குக்குப் போனாள்.

முத்துக்குமாரு தங்கமான மனிதர். ஆனால் துப்புரவாக்காமல் ஒரு படத்தையும் கடையை விட்டு வெளியே விடமாட்டார். அவர் கைபட்ட மணப்பெண்ணுக்கு மச்சமும் இராது, பருவும் இராது, பெற்ற தாயே தேடிப் பிடிக்க வேண்டும்.

பின்னேரம் அவள் வந்தபோது படம் பிரேம் போட்டுத் தயாராக இருந்தது. கேதீஸ்வரனின் முகம் பால் போல வெளுத்திருந்தது. அவருக்கு மேலே வானம் ஒரு புள்ளியும் இல்லாமல் கறுப்பாக இருந்தது.

"ஒரே பொட்டுப் பொட்டாக் கிடந்தது பிள்ளை. காலமை தொடங்கி இருந்து துடைச்சனான். சாப்பிடவும் போகேல்லை."

"முதல் படம் எங்கையண்ணை?"

"அதுக்கு மேலைதான் சேவ் பண்ணினனான். ஏன் பிள்ளை?"

அவள் பிரேமைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது.

கேதீஸ்வரன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்தார். "நான் போய் உந்த மனிசனுக்கு நாலு கதை குடுத்திட்டு வாறன்!"

"வேண்டாம், அவரை ஏசாதேங்கோ" என்றாள் உதயகலா. "உதிலை ஒரு பிழையும் இல்லையப்பா. எனக்கு வானம் உப்பிடித்தான் தெரியுது."