மங்கையின் முன்னங்கால்கள்

திருவான்மியூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சவுக்குத்தோப்பின் ஓரத்தில் அக்கா வாடகைக்கு எடுத்திருந்த அந்த லாயத்தை நினைத்தால், முதலில் கண்முன் வருவது அவள் முதுகுதான். குதிரையின் முன்னங்காலருகே குந்தி உட்கார்ந்து, முட்டிக்கும் குளம்புக்கும் நடுவே அடிபடாமல் காக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸைச் சுற்றி, ஒவ்வொரு பட்டையாக இழுத்து ஒட்டுவாள். ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டுவாள். இறுக்கம் அதிகமானால் ரத்த ஓட்டம் நின்றுவிடுமோ, குறைந்தால் நழுவிவிடுமோ என்று விரலை உள்ளே விட்டுவிட்டுப் பார்ப்பாள். ஒரு குதிரையை மாலையில் திடலில் அவிழ்த்துவிட இத்தனை பாடா என்று யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றாது. துரை செத்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

கிண்டியில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை துரை. அக்காவின் முதல் குதிரை. தி.நகர் தீபாவளிக் கூட்டத்துக்குள் ஸ்கூட்டரை விட்டு மறுபக்கம் சிரித்தபடி வெளியேறும் பெண் அவள். பயம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று துரை திடலில் காற்றைக் கண்ட குஷியில் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. திருப்பத்தில் அதன் பின்னங்கால் லாடமே முன்னங்காலின் பின்புறத்தில் வெட்டிவிட்டது. தசைநார் அறுந்து, குளம்பு முன்பக்கம் தூக்கிக்கொள்ள, அது மூன்று காலில் எங்களை நோக்கி நடந்து வந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, ஊசி போடுவதைத் தவிர வழியில்லை என்றார். அதன் தலையை மடியில் வைத்திருந்தவள் அக்கா.

அதன்பிறகு வந்தவள்தான் மங்கை. வெள்ளை நெற்றிக்காரி. பூட்ஸ் இல்லாமல் அவளை அக்கா ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. லாயத்தைப் பார்த்துக்கொண்ட பாய்க்கு இது பிடிக்கவில்லை.

"மேடம், இந்த வெயில்ல கால்ல கம்பளி சுத்தினாப்ல கீது. மண்ணு உள்ள பூந்துச்சின்னா தோல அரிச்சிடும். கழட்டிட்டு உடுங்க."

"கழட்டி விட்டுத்தானே பாய் துரையைப் பறிகொடுத்தேன்?"

துரைக்கு அவரும் அழுதவர்தான்.

எனக்கு இருவர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதுதான் பெரிய பயம். ஒரு பக்கம் ஆபத்து, மறுபக்கம் பத்திரம் என்றால் மனிதன் நிம்மதியாக இருக்கலாம். இங்கே இரண்டு பக்கமும் ஆபத்து. நடுவில் பேசத் தெரியாத ஒரு பிராணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். புல் ஏற்றிவந்த டெம்போ உள்ளே நுழைந்ததால் வெளிக்கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவைத் தாண்டினால் சந்து, சந்தைத் தாண்டினால் பஸ்கள் பறக்கும் சாலை. திடலில் மங்கை மண்ணில் புரண்டு எழுந்தாள். அப்போது இடது முன்னங்கால் பூட்ஸ் நழுவிக் குளம்பின் மேல் விழுந்ததையும், ஒரு பட்டை பிரிந்து ஆடுவதையும் பார்த்தேன். அடுத்த அடியில் அவளே அதை மிதித்தாள். தன் காலை எதுவோ கவ்விவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓட ஓட அது கூடவே வந்து அடித்தது. அது அடிக்க அடிக்க அவள் இன்னும் ஓடினாள். ஒரு முட்டுக்குத் திடலின் மூங்கில் தடுப்பு முறிந்தது. திறந்த கதவை நோக்கி வந்தாள்.

"தம்பி, கதவு! கதவு!" என்று பாய் கத்தினார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினோம். தாழைப் போட்டபின்தான் எனக்கு உறைத்தது, நாங்கள் வெளியே நிற்கிறோம், அக்கா உள்ளே நிற்கிறாள் என்று. கைகளை விரித்துக்கொண்டு, கதவுக்கும் மங்கைக்கும் நடுவே. "ஹோ... ஹோ... மங்கைம்மா..." என்ற அவள் குரலும் குளம்புச் சத்தமும் ஒன்றாக நெருங்கின. நான் கதவுக் கம்பிகளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். மங்கை கடைசிக் கணத்தில் ஒதுங்கினாள்; ஆனாலும் அவள் தோள் அக்காவை வீசி எறிந்தது.

பூட்ஸ் கழன்று புழுதியில் கிடந்தது. மங்கை சுவரோரம் போய் நின்று உடம்பெல்லாம் நடுங்கினாள். நான் தாழைத் திறந்து ஓடியபோது அக்கா மல்லாந்து கிடந்தாள். கண் திறந்ததும் கேட்டாள்: "அவ கால்? அவ காலைப் பாருடா மொதல்ல!"

கால் முறியவில்லை. ஆனால் பூட்ஸ் இருந்த இடத்தில் மணல் அரைத்து, தோல் உரிந்து, சிவந்து நீர் கசிந்தது. அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் கட்டுப்போட்டு மயிலாப்பூருக்கு அழைத்து வந்தோம். "இந்த ஆத்துல இனிமே குதிரைன்னு ஒரு பேச்சு வேண்டாம்" என்று அம்மா அழுதாள். வினோதம் என்னவென்றால், பார்க்க வந்த பாயும் தடுமாறிப் போயிருந்தார். "நான்தான் கழட்டச் சொல்லிக்கினு இருந்தேன். இப்போ இன்னா சொல்றதுன்னு எனக்கே புரியல மேடம். கழட்டிட்டு உட்டு, இன்னொரு துரை ஆயிட்டா?"

துரையைப் பார்த்த அதே கால்நடை மருத்துவரை அக்கா வரவழைத்தாள். அவர் புண் ஆறியதும் மங்கையைக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எல்லாக் குதிரைக்கும் ஒரே பதில் கிடையாதும்மா. துரைக்குப் பின்னங்கால் முன்னங்காலத் தொட்டுண்டே ஓடற நடை. இவளுக்கு அது இல்லை. பின்கால் லாடத்தை எடுத்துட்டா வெட்டற ஆபத்து இன்னும் கொறையும். இல்லவே இல்லைன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

அக்கா குனிந்து மங்கையின் ஆறிய காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் துரைக்குப் போட வேண்டியதை இவளுக்குப் போட்டுண்டிருந்திருக்கேன்."

வெறுங்காலோடு மங்கையை முதன்முதலில் விட்ட மாலை, கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கிய கையோடு அக்கா வேலியருகே நின்றாள். மற்ற கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மங்கை நின்றாள், முகர்ந்தாள், திடீரெனப் பாய்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்காவின் நகம் என் தோலில் இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. மங்கை ஓடி முடித்துப் புல்லில் வாய்வைத்த பிறகும் பிடி தளரவில்லை.

"போகப்போகப் பயம் போயிடும்க்கா" என்றேன்.

"போகாதுடா. பயந்துண்டேதான் விடணும்."

அக்கா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். அத்தனை தூரம் வண்டியில் ஏற்றிப் போக மங்கைக்கு வயதாகிவிட்டது. அவள் என் பொறுப்பில். வெகுகாலம் குதிரையின் பக்கத்தில் நிற்கவே கூசியவன், அலுவலகம் விட்டு நேரே திருவான்மியூர் போய்த் திடலின் படலைத் திறக்கிறேன். கூடவே அக்காவுக்குப் போன் போடுகிறேன்.

"விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"ஓடறாளா?"

"ஓடறா."

என் குரல் நடுங்குவது அவளுக்குக் கேட்கும். அங்கே அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்கும் கேட்கும். அதன்பிறகு நாங்கள் எதுவும் பேசுவதில்லை. மங்கை ஓய்ந்து நிற்கும்வரை இருவருமே போனை வைப்பதில்லை.