உளிச்சத்தத்தில் ஆடிய மைக்ராஸ்கோப்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இறால் பண்ணை, லாரி கிளீனர் வேலை எல்லாம் பார்த்துவிட்டு, தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் சிலைகளுக்கு மெருகு போட்டேன். அங்கே இருமாதவன் கிடையாது. யார் இருமினாலும் கல் தூசி என்போம். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

அதுவும் சலித்துச் செங்கல்பட்டுக்குப் போனேன். அங்கே ஒரு லேப் டெக்னீஷியன், வேலை நேரம் போக, வீட்டு மாடியில் மலிவான மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்தார். மெருகு தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். லென்ஸ் மட்டும் பழைய சாமான் கடையில் கிடைத்த நல்ல சரக்கு. குழாயும் திருகும் நாங்கள் தேய்த்தவை. பல்புக்குப் பதில் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு சின்னக் கண்ணாடி. தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம்.

பட்டறையில் என்னோடு ஒரே அறையில் கிடந்த சிற்பி ஒருவன் இளைத்துக்கொண்டே போகிறான் என்று கேள்விப்பட்டேன். நேரில் போய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, "கல்லு தூசிக்கு எவன் மச்சான் மருந்து வெச்சிகினு கீறான்?" என்றான். டி.பி.யாக இருந்தால் மருந்து இருக்கிறது, பிழைத்துவிடுவான். தெரிந்தாக வேண்டியது அதுதான். மைக்ராஸ்கோப்பைத் தோளில் மாட்டி, டெக்னீஷியனை அழைத்துக்கொண்டு பட்டறைக்கே போனேன்.

நண்பன் சிரித்தான். "ஆஸ்பத்திரியே தேடி வந்துகீது. துப்பறதுக்கு இன்னா கஷ்டம்?"

அவன் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் விட்டுச் சூடுகாட்டி, கழுவி, நீலச் சாயம் போட்டார் டெக்னீஷியன். கிருமி இருந்தால் நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சியாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் உடனே நிமிர்ந்தார்.

"ஆடுதுப்பா. சுத்தி விழற ஒவ்வொரு தடவையும் குதிக்குது. ஒண்ணும் பிடிபடல."

கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தும்படி முதலாளியிடம் கேட்டேன்.

"டி.பி.ன்னு பேரு வந்துச்சின்னா எவன் இங்க சிலை வாங்குவான்? அந்த பொம்மைய எட்துனு கெளம்பு நைனா."

"பாத்துட்டுதான் போவேன்."

"வேலைய வுட்டு ஓடுனவன் நீ. எனக்கு சட்டம் சொல்றியா?"

"ஓடுனேன். இப்ப வந்துகீறேன்."

நான் மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். வாசலில் நந்தி கொத்திக்கொண்டிருந்தவன் முதலில் சுத்தியைக் கீழே வைத்தான். அவனுக்கு அடுத்தவனும் வைத்தான். முதலாளி கத்தக் கத்த ஒவ்வொன்றாகச் சத்தம் நின்றது. டெக்னீஷியன் மறுபடி குனிந்து, திருகை மெல்லத் திருப்பினார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இருக்கு. டி.பி.தான். செங்கல்பட்டுக்கு வா, நாளைக்கே மருந்து ஆரம்பிச்சிடலாம்."

"அப்ப தூசி இல்லியா?" என்றான் நண்பன்.

"தூசியும் இருக்கும். ஆனா மருந்துக்குக் கேக்கறது இது."

முதலாளி கையைத் தட்டினார். "பாத்தாச்சில்ல? எடுங்கடா உளிய."

ஒருவனும் எடுக்கவில்லை. நந்தி கொத்தியவன் லுங்கியில் கையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தான்.

"இரு மொதலாளி. எனுக்கும் பாக்கணும்."

அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் புதுக் கண்ணாடித் துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தேன்.